ஒரு மதிப்பெண் பாக்கி

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமைதானே, ஒரு டம்ளர் காபியோடு உட்கார்ந்து பொறுமையாகப் படியுங்கள். பூவைப் பற்றியும் பெயரைப் பற்றியும் ஒரு வரலாறு சொல்லப் போகிறேன். கடைசியில் என் பழைய கணக்கு ஒன்றையும் தீர்க்க வேண்டியிருக்கிறது.

2002 என்று நினைவு. ஆண்டு விழாவுக்காக ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பொது அறிவுத் தேர்வு வைத்தோம். மொத்தம் ஐம்பது கேள்விகள். முதல் பரிசு எவர்சில்வர் டிபன் கேரியர். வினாத்தாள் தயாரித்ததும் நான், திருத்தியதும் நான். அதில் ஒரு கேள்வி, "சிங்கப்பூரின் தேசிய மலர் எது?" எங்கள் டெல்டா பக்கத்துக் கிராமங்களில் வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வேலையில் இருப்பார்கள். அதனால் ஆசையாகச் சேர்த்த கேள்வி அது. நான் வைத்திருந்த பொது அறிவுப் புத்தகத்தில் விடை "வாண்டா மிஸ் ஜோக்கிம்".

எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் "பாப்பிலியோனாந்தி மிஸ் ஜோக்கிம்" என்று எழுதியிருந்தான். நான் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டேன். விடைத்தாளை வாங்கியவன் என் மேசைக்கு வந்து, "டீச்சர், எங்கப்பா அங்க தோட்ட வேலை பார்க்கறார். பலகையில இப்படித்தான் எழுதியிருக்குன்னு லெட்டர்ல எழுதினார்" என்றான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உங்கப்பா சொன்னா சரியாயிடுமா? புத்தகத்துல என்ன இருக்கோ அதுதான் விடை" என்றேன். வகுப்பு சிரித்தது. அவன் ஒன்றும் பேசாமல் போய் உட்கார்ந்துவிட்டான். ஒரே ஒரு மதிப்பெண் வித்தியாசத்தில் டிபன் கேரியர் வேறு பிள்ளைக்குப் போனது.

சென்ற ஆண்டு மகள் வீட்டுக்குச் சிங்கப்பூர் போயிருந்தபோது தாவரவியல் பூங்காவுக்கு அழைத்துப் போனாள். உள்ளே ஆர்க்கிட்டுகளுக்கு என்றே தனித் தோட்டம். வரிசையாக நட்ட கம்புகளைப் பற்றி ஏறிய கொடிகளில் ஊதாவும் ரோஜா நிறமுமாகப் பூக்கள். நடுவில் ஆரஞ்சுப் புள்ளி. கீழே பெயர்ப் பலகை. பாப்பிலியோனாந்தி மிஸ் ஜோக்கிம்.

"என்னம்மா, அப்படியே நின்னுட்டீங்க?" என்று மகள் கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. இருபது வருடத்துக்கு முந்தைய ஒரு பையனின் முகம் வந்தது.

ஊருக்குத் திரும்பியதும் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளாமல் விடுவதில்லை என்று உட்கார்ந்தேன். நான் தாவரவியல் பட்டம் பெற்றவள் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம்தான். ஆனாலும் முப்பது வருடத்துக்கு மேல் பாடம் சொன்னவளுக்குத் தேடிப் படிக்கத் தெரியும். படித்ததை என் பாணியில் சொல்கிறேன்.

கதை நம் பக்கத்தில், கொச்சியில் தொடங்குகிறது. 17ஆம் நூற்றாண்டில் அங்கே டச்சுக்காரர்களின் ஆளுநராக இருந்தவர் ஹென்ட்ரிக் வான் ரீட். மலபார் பகுதியின் செடிகொடிகளையெல்லாம் படம் வரையச் செய்து, மருத்துவக் குணங்களோடு எழுதச் செய்தார். அதுதான் "ஹோர்ட்டஸ் மலபாரிகஸ்" என்ற நூல். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. செடிகளை அடையாளம் காட்டிப் பயன் சொன்னவர் இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர். ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்ற மூன்று கொங்கணி அறிஞர்களும் உதவினார்கள்.

அந்த நூலின் கடைசித் தொகுதியில் மரத்தில் ஒட்டி வளரும் ஆர்க்கிட்டுகள் வருகின்றன. மக்கள் அவற்றுக்கு வைத்திருந்த பெயர் "மரவாழ". நாமும் மரவாழை என்போமே, அதுதான். எந்த மரத்தில் பார்த்தார்களோ அந்த மரத்தின் பெயரை முன்னால் சேர்த்துக்கொண்டார்கள். அயனிப்பலா மரத்தில் இருந்தால் அஞ்சிலி மரவாழ. எட்டி மரத்தில் இருந்தால் காஞ்சிர மரவாழ. பொன்னாம்பூ மரவாழ என்று மஞ்சள் பூ பூக்கும் ஒன்றும் உண்டு. ஒன்றிலிருந்து இன்னொன்றைப் பிரித்துக் காட்டும் பெயர்கள். காட்டுக்குள் போகிறவனுக்கு வேறென்ன வேண்டும்?

1753-இல் ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் உலகத்துச் செடிகளுக்கெல்லாம் இருசொற்பெயர் வைத்து ஒரு பெரிய நூல் வெளியிட்டார். பேரினப் பெயர் ஒன்று, சிற்றினப் பெயர் ஒன்று. நம் ஊரில் இனிஷியலும் பெயரும் போல என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது நினைவிருக்கிறதா? லின்னேயஸ் மலபாருக்கு வந்தவர் இல்லை. வான் ரீட் நூலின் படங்களை வைத்துத்தான் இந்த மரவாழைகளுக்குப் பெயர் கொடுத்தார். வெப்பநாட்டு ஆர்க்கிட்டுகள் அன்றைய ஐரோப்பாவுக்குச் சரியாகத் தெரியாது. அதனால் மரத்தின் மேல் வளரும் ஆர்க்கிட் என்றாலே "எப்பிடெண்ட்ரம்" என்ற ஒரே பேரினத்துக்குள் போட்டுவிட்டார். அந்தக் கிரேக்கச் சொல்லுக்கு அர்த்தமே "மரத்தின் மேல்" என்பதுதான்.

யோசித்துப் பாருங்கள். மாடி வீட்டில் குடியிருப்பவர்கள் எல்லோரும் ஒரே குடும்பம் என்று குடும்ப அட்டை போட்டால் எப்படி இருக்கும்? அதுதான் நடந்தது. அமெரிக்கக் காட்டு ஆர்க்கிட்டும் அஞ்சிலி மரவாழையும் காஞ்சிர மரவாழையும் பொன்னாம்பூவும் ஒரே அட்டையில். லின்னேயஸைக் குறை சொல்லவில்லை. கையில் இருந்த தகவலுக்கு அவர் செய்தது பெரிய வேலை. ஆனால் தவறு தவறுதான்.

அந்த அட்டையிலிருந்து ஒவ்வொரு பெயராகப் பிரித்தெடுக்க இருநூறு வருடத்துக்கு மேல் ஆயிற்று. காஞ்சிர மரவாழையை 1799-இல் ஸ்வார்ட்ஸ் என்ற இன்னொரு ஸ்வீடன் நாட்டவர் "சிம்பிடியம்" பேரினத்துக்கு மாற்றினார். அஞ்சிலி மரவாழையை 1825-இல் ஜாவாவில் பணிபுரிந்த புளூம் என்பவர் "ரிங்கோஸ்டைலிஸ்" என்ற புதிய பேரினத்தில் வைத்தார். நரிவால் போலத் தொங்கும் பூங்கொத்து உடையது இது. அசாமில் பிஹு பண்டிகைக்குப் பெண்கள் கொண்டையில் சூடும் கொபௌ பூ இதுதான், அந்த மாநிலத்தின் மலரும் இதுதான்.

பொன்னாம்பூவின் பயணம் இன்னும் நீளம். 1826-இல் ஸ்ப்ரெங்கல் அதை வாண்டா பேரினத்துக்குக் கொண்டுபோனார். 166 வருடம் அது வாண்டாவாகவே இருந்தது. 1992-இல் அமெரிக்க ஆர்க்கிட் அறிஞர் எரிக் கிறிஸ்டென்சன், இதன் பூவமைப்பு வாண்டாவோடு பொருந்தவில்லை என்று காட்டி, இதற்கென்றே தனிப் பேரினம் அமைத்தார். பெயர் "டாப்ரோபேனியா". தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வளரும் செடி. டாப்ரோபேன் என்பது இலங்கைக்குப் பழைய கிரேக்கர்கள் வைத்த பெயர். அந்தப் பேரினத்தில் இந்த ஒரே ஒரு சிற்றினம்தான்.

இதில் எனக்கு வேடிக்கையாகப் பட்ட ஒன்றைச் சொல்கிறேன். எப்பிடெண்ட்ரம் என்ற பேரினம் இன்றும் இருக்கிறது, ஆனால் அதில் இருப்பவை எல்லாம் அமெரிக்கக் கண்டங்களின் செடிகள். மலபாரிலிருந்து போன மரவாழை ஒன்றுகூட இப்போது அதில் இல்லை.

இனி வாண்டாவுக்கு வருவோம். பாடப்புத்தகத்தில் தொற்றுத்தாவரத்துக்கு எடுத்துக்காட்டு வாண்டா, அதன் தொங்கும் வேர்களில் வெலாமன் திசு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் என்று மனப்பாடம் செய்தீர்களே, அதே வாண்டா. வெளிநாட்டுப் பெயர் போலத் தோன்றினாலும் இது சமஸ்கிருதச் சொல். மரத்தின் மேல் வளரும் செடியைக் குறிக்கும் "வந்தாகா" என்பதிலிருந்து வந்தது. கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த வில்லியம் ஜோன்ஸ் எழுதியது 1795-இல் அச்சில் வந்தது. அந்த ஒட்டுச்சொல் புல்லுருவிக்கும் பொருந்தும். ஆனால் வாண்டா புல்லுருவி அல்ல என்று வகுப்பில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! மரத்தில் உட்காரும், மரத்தின் சாற்றைத் திருடாது.

வாண்டா என்ற வீட்டுக்குள்ளும் சொந்தம் இல்லாதவர்கள் வந்து சேர்ந்தார்கள். அதில் ஒன்றைப் பார்ப்போம். அசாம், வங்கம், பர்மா பக்கத்தில் வளரும் ஒரு ஆர்க்கிட். இலை வாழை இலை போலத் தட்டையாக இருக்காது. பென்சில் மாதிரி உருண்டையாக இருக்கும். நம் கோரமண்டல் கடற்கரைச் செடிகளைப் பற்றி நூல் எழுதிய அதே வில்லியம் ராக்ஸ்பர்க், இதற்கு "டெண்ட்ரோபியம் டெரஸ்" என்று பெயர் வைத்தார். டெரஸ் என்றால் லத்தீனில் உருண்டு நீண்டது. அவர் இறந்தபின் 1832-இல்தான் அந்தப் பெயர் அச்சேறியது. மறு வருடமே லண்டனில் லிண்ட்லி இதை வாண்டாவுக்கு மாற்றினார். வாண்டா டெரஸ் ஆயிற்று.

மலேயாவின் சதுப்பு நிலங்களில் இதே போல உருண்டை இலையோடு இன்னொன்று உண்டு. வாண்டா ஹூக்கரியானா. பேராக் மாநிலத்தில் ஈயச் சுரங்கங்கள் இருந்த கிந்தா பள்ளத்தாக்கில் இது மண்டிக் கிடந்ததால் "கிந்தாக் களை" என்றே ஆங்கிலத்தில் பெயர்.

இந்த இரண்டையும் சேர்த்து வைத்தவர் ஒரு பெண். சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர்மீனியக் குடும்பத்தின் மூத்த மகள் ஆக்னஸ் ஜோக்கிம். 1854-இல் பிறந்தவர். தோட்டக்கலையில் கைராசிக்காரர். 1893-இல் தன் வீட்டுத் தோட்டத்தில் பூத்த ஒரு புதுப் பூவை எடுத்துக்கொண்டு தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ஹென்றி ரிட்லியிடம் போனார். மலேயாவில் ரப்பர் பயிரை வளர்த்துக் காட்டிய அதே ரிட்லிதான். அவர் பார்த்துவிட்டு, இது டெரஸும் ஹூக்கரியானாவும் கலந்த புதிய கலப்பினம் என்று உறுதி செய்தார். அந்த வருடமே லண்டனின் தோட்டக்கலை இதழ் ஒன்றில் எழுதினார். இரண்டு செடிகளையும் கலப்பதில் வெற்றி பெற்றவர் மிஸ் ஜோக்கிம் என்று தெளிவாக எழுதி, அவர் பெயரையே பூவுக்கும் வைத்தார்.

அந்தக் காலத்தில் இது லேசான வேலை இல்லை, பிள்ளைகளே. ஆர்க்கிட் விதை தூசி மாதிரி இருக்கும். நெல்லிலும் அவரையிலும் உள்ளதுபோல முளைக்குச் சேமித்து வைத்த உணவு அதில் கிடையாது. ஒரு வகைப் பூஞ்சை உதவினால்தான் முளைக்கும். சோதனைக் குழாயில் சர்க்கரைக் கரைசலில் முளைக்க வைக்கும் முறையெல்லாம் 1920-களில் வந்தது. 1890-களில் தாய்ச் செடியின் அடியிலேயே விதையைத் தூவிவிட்டு, ஆண்டவனே என்று காத்திருக்க வேண்டியதுதான். அப்படி வந்த பூ அது.

ஆக்னஸ் 1899-இல் காலமானார். அதே வருடம் நடந்த சிங்கப்பூர் மலர்க் கண்காட்சியில் அந்தப் பூ பரிசு பெற்றது. ஹில் ஸ்ட்ரீட்டில் உள்ள ஆர்மீனியத் தேவாலயத்தில் அவர் கல்லறைக் கல் இருக்கிறது. மகளோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

இதற்குப் பிறகுதான் இரண்டு விதமான திருத்தங்கள் நடக்கின்றன. ஒன்று பூவின் பெயரில். இன்னொன்று அதைப் படைத்தவரின் பெயரில்.

முதலில் பூவின் பெயர். 1915-இல் ஜெர்மானிய ஆர்க்கிட் அறிஞர் ருடால்ஃப் ஷ்லெக்டர், பென்சில் இலைக்காரச் செடிகள் வாண்டாக் குடும்ப அட்டையில் இருக்கக் கூடாதவை என்றார். தண்டும் இலையும் உருண்டை, பூவின் உதட்டு இதழின் அமைப்பும் வேறு. டெரஸை முன்மாதிரியாக வைத்து "பாப்பிலியோனாந்தி" என்ற பேரினத்தை அமைத்தார். பட்டாம்பூச்சிப் பூ என்று அர்த்தம். 1970-களில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் லெஸ்லி கரே இந்தக் கூட்டத்தை மறுபடி முழுதாக ஆராய்ந்து அதே பேரினத்தை உறுதிப்படுத்தினார். இந்த நூற்றாண்டில் டி.என்.ஏ. ஆய்வுகளும் பாப்பிலியோனாந்தி தனி, வாண்டா தனி என்றே காட்டுகின்றன. தாயும் தகப்பனும் வேறு பேரினம் என்றான பிறகு பிள்ளை மட்டும் வாண்டாவாக எப்படி இருக்க முடியும்? அதனால் பாப்பிலியோனாந்தி மிஸ் ஜோக்கிம் ஆயிற்று.

1981 ஏப்ரல் 15-இல் தேசிய மலராக அறிவிக்கப்பட்டபோது மக்கள் வாயில் இருந்தது வாண்டா என்ற பெயர்தான். பொது அறிவுப் புத்தகங்களில் அதுவே அச்சாயிற்று. இன்றும் அங்கே பேச்சு வழக்கில் அந்தப் பெயர் வாழ்கிறது, அதைத் தப்பு என்று யாரும் சொல்வதில்லை. அறிவியல் பெயர் என்று கேட்டால் மட்டும் விடை வேறு. என் வினாத்தாளில் நான் எந்தப் பெயர் என்று குறிப்பிடவில்லை. அப்படியானால் இரண்டு விடைக்கும் மதிப்பெண் போட்டிருக்க வேண்டும்.

இரண்டாவது திருத்தம், படைத்தவரின் பெயர். ரிட்லி அவ்வளவு தெளிவாக எழுதியிருந்தும், 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வேறொரு கதை பரவியது. ஆக்னஸ் கலப்பு செய்யவில்லை, அவர் தோட்டத்து மூங்கில் புதரில் அந்தச் செடி தானாக முளைத்திருந்தது, ஏதோ ஒரு வண்டு மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்த்திருக்கும், இவர் கண்டெடுத்தார், அவ்வளவுதான் என்று. வண்டுக்குக் கொடுத்தார்கள் பெருமையை! அவர் குடும்பத்தாரும் ஆர்மீனிய சமூகத்தினரும் ஆய்வாளர்களும் பழைய பதிவுகளைத் தேடி எடுத்து வாதாடினார்கள். 2016-இல்தான் சிங்கப்பூரின் மரபுடைமை வாரியம் அவரையே படைத்தவராக ஏற்றுக்கொண்டது. பூ பூத்து 123 வருடம் கழித்து.

இடையில் அறிவியலும் ஒரு கேள்விக்குப் பதில் கண்டது. டெரஸ், ஹூக்கரியானா இரண்டில் எது தாய், எது மகரந்தம் தந்த தந்தை என்று 1893-இல் யாரும் குறித்து வைக்கவில்லை. செடியின் பசுங்கணிகத்துக்கென்று தனி டி.என்.ஏ. உண்டு. ஆர்க்கிட்டுகளில் அது பெரும்பாலும் தாய்வழியாகத்தான் வரும். 2011-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் அதை ஒப்பிட்டுப் பார்த்து, டெரஸ்தான் தாய் என்று கண்டார்கள். யாரும் எழுதி வைக்காததைச் செடி தன் உடம்பில் எழுதி வைத்திருந்தது.

"சரி டீச்சர், பெயர் எதுவாக இருந்தால் என்ன, பூ அதேதானே" என்று சிலர் கேட்பீர்கள். என் தம்பி மகனே கேட்பான். அவனுக்காக நம் ஊர் எடுத்துக்காட்டு ஒன்று சொல்கிறேன்.

தமிழ்நாடு கேரள எல்லையில் உள்ள அகத்தியர் மலைப் பகுதியில் ஓர் ஆர்க்கிட் உண்டு. பூவின் ஓர் இதழ் செருப்பின் முன்பகுதி போலக் குழிந்து இருக்கும். மஞ்சள் நிறம், நடுவில் கறுத்த பட்டை. உலகத்தில் வேறெங்கும் இது இயற்கையாக வளர்வதில்லை. திருவிதாங்கூரில் இருந்த கர்னல் ட்ரூரியின் பெயரால், சென்னை மாகாண வன அதிகாரி பெட்டோம் இதற்கு "சிப்ரிபீடியம் ட்ரூரியை" என்று பெயரிட்டார். பிறகு 1886-இல் ஃபிட்சர் என்ற ஜெர்மானியர், குளிர்நாட்டுச் செருப்புப் பூக்களும் ஆசிய வெப்பநாட்டுச் செருப்புப் பூக்களும் வேறு வேறு என்று பிரித்து, நம் பக்கத்தவற்றுக்குப் "பாஃபியோபெடிலம்" என்று பேரினம் அமைத்தார். ட்ரூரியையும் அதில் சேர்ந்தது.

இந்தச் செடி வெகுகாலம் யார் கண்ணிலும் படவில்லை. மறுபடி கண்டுபிடிக்கப்பட்டதும் சேகரிப்பவர்கள் பிடுங்கிப் பிடுங்கி அழியும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். இப்போது பெயரின் பலத்தைப் பாருங்கள். அருகிவரும் உயிரினங்களின் வணிகம் பற்றிய பன்னாட்டு உடன்படிக்கையில் பாஃபியோபெடிலம் பேரினம் முழுதும் முதல் பட்டியலில் இருக்கிறது. காட்டிலிருந்து எடுத்து விற்பது அறவே கூடாது. சிப்ரிபீடியம் பேரினமோ இரண்டாவது பட்டியலில், அனுமதிச் சீட்டோடு வணிகம் செய்யலாம். துறைமுகத்தில் பெட்டியைத் திறக்கும் அதிகாரிக்கு முன்னால் இருப்பது காகிதத்தில் எழுதிய பெயர்தான். அந்தப் பெயர் பழையதாக இருந்தால் பெட்டி போய்விடும், மலை காலியாகும்.

நம் நாட்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1991-இல் ஆறு தாவர இனங்களைச் சேர்த்தார்கள். அதில் "சிவப்பு வாண்டா" என்று ஒன்று. அது வாண்டாவே இல்லை, ரெனாந்தீரா என்ற வேறு பேரினம். ஊர்ப் பெயரை மட்டும் எழுதியிருந்தால் வழக்கறிஞர் ஒருவர் நீதிமன்றத்தில் அரை நாள் விளையாடியிருப்பார். பக்கத்திலேயே அறிவியல் பெயரையும் எழுதியதால் பிழைத்தது.

எதிர்த் தரப்பு நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். பெயரை அடிக்கடி மாற்றினால் தோட்டக்காரர்களுக்குத் தலைவலிதான். பிரேசில் நாட்டின் சாந்தா கத்தரீனா மாநில மலர் ஓர் ஆர்க்கிட். 19ஆம் நூற்றாண்டிலிருந்து அது "லேலியா பர்ப்பூரேட்டா". 2000-இல் டி.என்.ஏ. ஆய்வின்படி சோஃப்ரோனைட்டிஸ் என்ற பேரினத்துக்கு மாற்றினார்கள். இன்னும் விரிவான ஆய்வுக்குப் பின் 2008-இல் கேட்லியாவுக்கு மாற்றினார்கள். எட்டு வருடத்தில் இரண்டு மாற்றம். நாற்றங்கால் வைத்திருப்பவர் பெயர்ச் சீட்டு எழுதியே களைத்துப் போவார். திருத்தமும் சில நேரம் திருத்தப்பட வேண்டியிருக்கிறது, அதையும் மறைக்காமல் செய்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்துப்போன வழக்கம் ஒன்றைச் சொல்லி முடிவுக்கு வருகிறேன். அறிவியல் பெயருக்குப் பின்னால் பெயர் வைத்தவரின் பெயரையும் எழுதுவார்கள். ஒருவர் வைத்த பெயரை இன்னொருவர் வேறு பேரினத்துக்கு மாற்றினால், முதலில் வைத்தவரைத் தூக்கி எறிவதில்லை. அவர் பெயரை அடைப்புக்குறிக்குள் வைத்து, திருத்தியவர் பெயரை அடுத்து எழுத வேண்டும். அது விதி. நம் பொன்னாம்பூவுக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் லின்னேயஸ், வெளியே கிறிஸ்டென்சன். தவறு திருத்தப்பட்டது, ஆனால் முதலில் பார்த்தவரின் மரியாதை போகவில்லை.

அந்த அடைப்புக்குறிக்குள் இட்டி அச்சுதனுக்கு இடம் கிடைக்கவில்லை என்பது என் மனத்தாங்கல். அவர் செடியைக் கையில் எடுத்துக் காட்டினார். படத்தைப் பார்த்தவரின் பெயர் நின்றது. கோழிக்கோட்டுத் தாவரவியல் பேராசிரியர் மணிலால் தன் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டு அந்த நூலை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். 2003-இல் கேரளப் பல்கலைக்கழகம் அதை வெளியிட்டது. பிறகு மலையாளத்திலும் வந்தது. அச்சுதனின் பெயரை நம் மக்கள் மறுபடி பேசுவதற்கு அதுவும் ஒரு காரணம். அதுவும் ஒரு திருத்தம்தான்.

இப்போது என் கணக்கு.

அந்தப் பையனின் அப்பா சிங்கப்பூர்த் தோட்டத்தில் மண் வெட்டியவர், தண்ணீர் ஊற்றியவர். பலகையில் இருந்த வாய்க்குள் நுழையாத பெயரை எழுத்துக் கூட்டிப் படித்து, தமிழில் எழுதி, பிள்ளைக்குக் கடிதத்தில் அனுப்பியிருக்கிறார். அவன் அதை மறக்காமல் தேர்வில் எழுதியிருக்கிறான். என் புத்தகத்தை விட அவர் பார்த்த பலகை புதியது, சரியானது. கையில் செடியை வைத்திருந்தவர் அவர். நான் படம்கூடப் பார்க்காதவள். அப்படி இருந்தும் "உங்கப்பா சொன்னா சரியாயிடுமா" என்று நாற்பது பிள்ளைகள் முன்னால் கேட்டேன். மதிப்பெண் போனதைக் காட்டிலும் அந்த வார்த்தைதான் இப்போது என்னைக் குத்துகிறது.

தம்பி, இந்தப் பதிவு உன் கண்ணில் படுமா தெரியாது. உன் வகுப்புத் தோழர்கள் பலர் இங்கே இருக்கிறார்கள், யாராவது காட்டுவார்கள். அன்று வகுப்பில் சொன்ன வார்த்தையை இன்று எல்லோர் முன்னாலும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். உன் விடை சரி. உன் அப்பா சொன்னது சரி. ஐம்பதுக்கு உனக்கு நாற்பத்தெட்டு இல்லை, நாற்பத்தொன்பது. முதல் பரிசை நீயும் அந்தப் பெண்ணும் பகிர்ந்துகொண்டிருக்க வேண்டும். ஒரு டிபன் கேரியர் வாங்கி வைத்திருக்கிறேன், மூன்றடுக்கு. ஊருக்கு வரும்போது வீட்டுக்கு வா. அப்பா ஊரில் இருந்தால் அவரையும் அழைத்து வா. பூங்காவில் எடுத்த படத்தைக் காட்டி, அவர் தண்ணீர் ஊற்றிய இடம் இதுதானா என்று கேட்க வேண்டும்.

உங்களில் ஆசிரியர்களாக இருக்கும் என் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். விடைத்தாளில் உங்களுக்குத் தெரியாத ஒரு பெயரை ஒரு குழந்தை எழுதியிருந்தால், உடனே பெருக்கல் குறி போடாதீர்கள். பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு வையுங்கள். "இது உனக்கு எப்படித் தெரியும்?" என்று கூப்பிட்டுக் கேளுங்கள். பென்சில் குறியை அழிக்க ஒரு நிமிடம் போதும். என் சிவப்பு மையை அழிக்க இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்